குடை முதல் ஈரிழைத் துண்டு வரை: ராமேஸ்வரக் காற்றில் எது தாங்கியது?

எங்கள் வீடு ராமேஸ்வரத்துக்கு முன்னால் வரும் மண்டபம் என்ற ஊர்ப் பக்கம். வெளியூரில் இருந்து சொந்தக்காரர்கள் வந்தால் கோயில், பாம்பன் பாலம், தனுஷ்கோடி, நேரமிருந்தால் அரியமான் கடற்கரை என்று நாள் முழுக்கச் சுற்றிக்காட்டும் வேலை என் தலையில்தான் விழும். பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கும்போது மதுரைப் பக்கம் தீம் பார்க்குக்கும் போவோம். இரண்டுக்கும் ஒரே பைதான். அதில் உள்ள சாமான்கள் வருடக்கணக்காக எங்களோடு அலைந்தவை. எது நின்றது, எது போனது என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கரையில் வெயிலையும் மழையையும் விட, காற்றும் உப்பும்தான் பொருளைச் சீக்கிரம் தின்னும்.

குடையையே எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பைக்குள் அடங்கும் மூன்று மடிப்புக் குடை ஊருக்குள் சரி. தனுஷ்கோடியில் முகுந்தராயர் சத்திரம் தாண்டி, நிலம் முடியும் அரிச்சல்முனைக்குப் போகும் ரோட்டில் இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஆனி, ஆடியில் தென்மேற்கில் இருந்து கச்சான் காற்று அடிக்கும்போது அங்கே குடையை விரித்தால் அடுத்த நொடி அது மேல்நோக்கிக் கவிழும். கோயம்புத்தூரில் இருந்து வந்த அத்தை வெயிலுக்குப் பயந்து விரித்தார். பக்கத்தில் சங்குமாலை விற்றுக்கொண்டிருந்த அண்ணன், "குடைய மடக்குங்கம்மா, இல்லன்னா நீங்களும் சேர்ந்து பறப்பீங்க" என்றார். இரும்புக் கம்பி வைத்த குடைகள் எங்களிடம் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்கியதில்லை. மடிப்பில் துரு ஏறி, துணியிலும் கறை பிடித்துவிடும். ஃபைபர் கம்பி வைத்த நீளக் குடை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதுவும் கோயில் வரிசைக்கும் தீம் பார்க் நடைபாதைக்கும்தான். தனுஷ்கோடிக்கு அதைக் கொண்டுபோவதே இல்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொள்வோம். பனை ஓலைத் தொப்பி நல்ல நிழல் தரும், உள்ளே காற்றும் போகும். ஆனால் தாடைக்குக் கயிறு கட்டாவிட்டால் அதைக் கடலில்தான் தேட வேண்டும்.

ரெயின்கோட்டில் நிறைய பேர் ஏமாறுவது உட்பூச்சில். துணி போலத் தெரியும் ரகங்களில் உள்பக்கம் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். ஈரத்தோடு மடித்துக் காரில் வைத்தால், எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அது பிசுபிசுத்து, அப்புறம் செதில் செதிலாக உரிந்துவிடும். எங்கள் வீட்டுப் பெரிய கோட்டு அப்படித்தான் போனது. இப்போது இருப்பது ஈ.வி.ஏ. என்று போட்ட, சற்றுத் தடித்த பிளாஸ்டிக் போன்சோ, அதாவது தலைவழியே மாட்டும் தொளதொள மழை அங்கி. துடைத்துக் காயப்போட்டால் போதும். பையையும் சேர்த்து மூடிக்கொள்ளலாம் என்பதால் தீம் பார்க் வரிசைக்கு இதைப்போல ஒன்று இல்லை. கடற்கரையில் பக்கவாட்டில் பொத்தான் இல்லாத போன்சோ பாய்மரமாகிவிடும்; இடுப்பில் ஒரு கயிறு வேண்டும். உள்ளே வேர்த்துக் கொட்டுவதைத் தவிர்க்க வழியே இல்லை. பத்து நிமிடத் தூறலுக்கு நான் அதைப் போடுவதில்லை, நனைந்துவிட்டுத் துவட்டிக்கொள்கிறேன்.

எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாளுக்கு எந்தக் கோட்டும் கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறவர்கள் முந்தைய நாள் வானிலை எச்சரிக்கையைப் பார்த்து, தேவைப்பட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். தீம் பார்க்கிலும் இடி மின்னல் வந்தால் வெளி ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். அதனால் பெரிய ராட்டினங்களைக் காலையிலேயே முடித்துவிடுவோம்.

பையிலேயே மலிவானதும் அதிகம் உழைத்ததும் ஈரிழைத் துண்டு. அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, உடை மாற்றிக்கொண்டு தரிசனத்துக்குப் போகவேண்டும். தடித்த பூத்துண்டு அன்று முழுக்கக் காயாது, சாயங்காலம் வாடை வேறு வரும். ஈரிழையைப் பிழிந்து வண்டிக் கண்ணாடியில் செருகினால் பாம்பன் வருவதற்குள் காய்ந்திருக்கும். தீம் பார்க்கில் மட்டும் ஒரு விஷயம்: தண்ணீர் விளையாட்டுக்குப் பெரும்பாலும் நைலான் உடைதான் கேட்பார்கள், பருத்தியோடு இறங்க விடமாட்டார்கள். வீட்டில் இருந்தே எடுத்துப் போனால் அங்கே வாடகை மிச்சம்.

செருப்பில், ரப்பர் போல மெத்தென்ற ஈ.வி.ஏ. ரகம் மணலுக்கும் தண்ணீருக்கும் அருமை. ஆனால் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் போட்டுவைத்தால் சுருங்கிவிடும். மச்சான் செருப்பு அவர் மகனுக்குச் சரியாக இருந்தது!

சன் ஸ்கிரீன் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசினால்தான் பலன். அதையும் சூடான காரில் விடாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எப்போதும் இருக்கும். ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில்தான் முழுதாகக் கரைக்க வேண்டும், டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்கும் வேலை வேண்டாம்.

ஊர் திரும்பியதும் குடை, செருப்பு, போன்சோ, பையின் ஜிப் எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீர்க் குளியல், பிறகு நிழலில் உலர்த்தல். ஃபோன் நனையாமல் போட்டுவைக்கும் பவுச்சின் வாய் மட்டும் லேசாகத் தண்ணீரை உள்ளே விட ஆரம்பித்திருக்கிறது. ஐப்பசிக்கு முன்னால் புதிது வாங்கி, முதலில் ஒரு காகிதத்தை உள்ளே வைத்து வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஃபோனை வைப்பேன்.