மறுபடியும் எடுத்து வாசிக்க வேண்டிய விசுவாச நூல்கள்

ஒரு பக்தி நூல் முதல் வாசிப்பில் நெஞ்சைத் தொடுவது பெரிய காரியமல்ல. நோயோ கடனோ பிள்ளைகளைப் பற்றிய கவலையோ வந்த நாளில் அதையே திரும்பத் திறந்தால், முன்பு கண்ணில் படாத ஒன்று கிடைக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் முதலிடம் ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாண'த்துக்குத்தான்.

அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக 1660 முதல் 12 ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தவர் பனியன். நூலின் முதல் பாகம் 1678இலும் இரண்டாம் பாகம் 1684இலும் வந்தன. பாவச் சுமையை முதுகில் சுமந்தபடி பரம நகரத்தை நோக்கி நடக்கும் கிறிஸ்தியான் என்பவனின் பயணமே முதல் பாகத்தின் கதை. சிறுவர் பதிப்பிலோ சுருக்கத்திலோ படித்தவர்களுக்குச் சிலுவையடியில் முதுகுச் சுமை அவிழ்ந்து விழுவதே கதையின் உச்சமாக மனதில் நின்றிருக்கும். முழு நூலில் அது முற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. கஷ்டம் என்னும் மலை, அப்பொல்லியோன் என்னும் பிசாசோடு போர், மரண நிழலின் பள்ளத்தாக்கு, நண்பன் எரிக்கப்படும் மாயச் சந்தை எல்லாம் அதற்குப் பிறகுதான். மன்னிப்புப் பெற்றவனுக்கு ஏன் இன்னும் இத்தனை பாடு என்று கேட்கிற விசுவாசிக்கு இந்த வரிசையே பதில்.

சந்தேகக் கோட்டைப் பகுதியை நிதானமாக வாசியுங்கள். புதன் காலை முதல் சனி இரவு வரை கிறிஸ்தியானும் அவன் வழித்துணைவனும் நிலவறையில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். நள்ளிரவில் ஜெபிக்கத் தொடங்கி, விடியும் நேரத்தில்தான் வாக்குத்தத்தம் என்ற சாவி தன் மார்பிலேயே இருப்பது கிறிஸ்தியானுக்கு நினைவு வருகிறது. முதல் கதவு எளிதாகத் திறக்கிறது; வெளி இரும்புக் கதவின் பூட்டோ மிகவும் முரண்டு பிடித்தபின்தான் திறக்கிறது. சுருக்கப் பதிப்புகளில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும். வாக்குத்தத்தத்தைப் பிடித்துக்கொண்டும் விடுதலை தாமதிப்பதாக வருந்துகிறவர்களுக்கு அந்த ஒரு வரி மிகப் பெரிய ஆறுதல்.

இரண்டாம் பாகத்தைப் பலர் தொடுவதே இல்லை. வருத்தமான விஷயம் அது. பயமே உருவான ஒரு பயணி அதில் வருகிறார். ஆரம்பத்துச் சேற்றைத் தாண்டத் துணியாமல் ஒரு மாதத்துக்கு மேல் கரையிலேயே கிடக்கிறார். இரட்சிப்பு தனக்கு உண்டா என்று கடைசிவரை நடுங்குகிறார். அவர் மரண நதிக்கு வந்த நாளில் தண்ணீர் என்றும் இல்லாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. கால் நனைந்த அளவிலேயே கரையேறிவிடுகிறார். முதுமையில் இருப்பவர்களுக்கு வாசித்துக் காட்ட இதைவிட நல்ல பக்கங்கள் அரிது.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: இரண்டு பாகங்களும் இருக்கின்றனவா, வேத வசனக் குறிப்புகள் விடுபடாமல் இருக்கின்றனவா, வழியில் நடக்கும் உரையாடல்கள் வெட்டப்படாமல் இருக்கின்றனவா. உரையாடல்கள் இல்லாத பதிப்பு வெறும் சாகசக் கதையாகிவிடும். முக்கியமாக, அறியாமை என்பவனோடு நடக்கும் பேச்சு இல்லையென்றால், பரம நகரத்தின் வாசல்வரை வந்தவன் ஏன் தள்ளப்படுகிறான் என்பது விளங்காது. மறுவாசிப்பில் வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்து, குறிப்பிட்ட வசனங்களை எடுத்துப் பார்த்தபடி ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பக்கம் போதும்.

இதே நூலைத் தமிழ்க் காப்பியமாக்கியவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1894இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்' ஐந்து பருவங்களில் 3766 பாடல்கள் கொண்டது. முதல் பக்கத்திலிருந்து நேராகப் படிக்கத் தொடங்கினால் பெரும்பாலானோர் ஆதி பருவத்திலேயே களைத்துப் போவார்கள். குமார பருவத்தின் இரட்சணிய சரித படலத்தில் ஆரம்பியுங்கள். இயேசுவின் பாடுகளைப் பாடும் பகுதி அது, தபசுகாலத்துக்குப் பொருத்தமானது. சந்தி பிரித்த, உரையுள்ள பதிப்பு அவசியம். ஒவ்வொரு பாடலையும் முதலில் வாய்விட்டுப் படித்து, அதன்பின் உரையைப் பாருங்கள். இடையிடையே தேவாரம் என்ற பெயரில் வரும் துதிப்பாடல்களைத் தனி ஜெபத்திலேயே பயன்படுத்தலாம்.

ஆதித் திருச்சபையின் ஆயர் அகுஸ்தீன் தன் வாழ்வையும் மனமாற்றத்தையும் சொல்லும் 'கன்ஃபெஷன்ஸ்' 13 பகுதிகள் கொண்டது. கதையாகச் செல்வது முதல் ஒன்பதுதான். பத்தாவது நினைவாற்றலையும் பதினொன்றாவது காலத்தையும் ஆராய்கின்றன, கடைசி இரண்டும் ஆதியாகமத் தொடக்கத்துக்கு விளக்கம். வாசகர்கள் சிக்கிக்கொள்வது பத்தாவதில். வாரத்துக்கு ஒரு பகுதியாக ஒன்பதை முடித்துவிட்டு நிறுத்தினால் குறையொன்றுமில்லை, மீதியை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லாரும் மேற்கோள் காட்டுவது எட்டாம் பகுதியில் அவர் மனந்திரும்பும் மிலான் தோட்டக் காட்சியை. பிள்ளைகளுக்காக ஜெபிக்கும் பெற்றோர் ஐந்தாம் பகுதிக்குப் போகட்டும். மகன் கடல் கடந்து போய்விடக் கூடாதென்று தாய் மோனிக்கா இரவெல்லாம் அழுது ஜெபிக்கிறாள். அவனோ அவளை ஏமாற்றிவிட்டுக் கப்பலேறுகிறான். அந்தப் பயணம்தான் அவனை மிலான் ஆயர் அம்புரோசிடம் கொண்டுசேர்க்கிறது. அன்றைக்கு அவள் கேட்டதைத் தராமல், அவள் எப்போதும் கேட்டதையே தேவன் தந்தார் என்று அகுஸ்தீன் பின்னாளில் எழுதுகிறார். மகனுடைய மனமாற்றத்தைக் கண்டபின்தான் மோனிக்கா மரிக்கிறாள் என்பதை அறிந்து இரண்டாம் முறை வாசிக்கும்போதே இந்தப் பக்கங்களின் முழு ஆழம் பிடிபடும்.

தாமஸ் அ கெம்பிஸ் எழுதிய 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' நான்கு புத்தகங்களாகப் பிரிந்த 114 சிறு அத்தியாயங்கள். ஒரே மூச்சில் படித்தால் கடிந்துரையின் கனம் மட்டுமே மிஞ்சும்; நாளுக்கு ஒன்றாக நான்கு மாதத்துக்குள் முடிப்பதே சரி. மனச்சோர்வில் இருப்பவர்கள் முதல் புத்தகத்தை விட்டுவிட்டு, ஆண்டவரும் சீடனும் பேசிக்கொள்ளும் மூன்றாம் புத்தகத்திலிருந்து தொடங்கட்டும்.

பாரிஸ் மடத்துச் சமையலறையில் வேலைசெய்த லாரன்ஸ் சகோதரரின் உரையாடல்களும் கடிதங்களும் அடங்கிய 'தி பிராக்டிஸ் ஆஃப் தி பிரசென்ஸ் ஆஃப் காட்' ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆபத்தும் அதுதான். பாத்திரம் கழுவும்போதும் தேவ சமுகத்தில் இருக்கலாம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிடுகிறார்கள். முதல் பத்து ஆண்டுகள் மிகவும் போராடியதாக அவரே கடிதத்தில் சொல்லியிருக்கிறார். அதையும் சேர்த்து வாசித்தால்தான், இரண்டு வாரத்தில் மனம் அலைபாய்கிறதே என்று பயிற்சியை விட்டுவிட மாட்டோம்.

கடந்த நூற்றாண்டிலிருந்து ஒன்றே ஒன்று: கோரி டென் பூம் 1971இல் வெளியிட்ட 'தி ஹைடிங் பிளேஸ்'. நெதர்லாந்தில் யூதர்களுக்கு ஒளிவிடம் கொடுத்ததற்காக 1944இல் கைதான குடும்பம். ராவன்ஸ்பிரூக் நாஜி வதைமுகாமில் தெள்ளுப்பூச்சிக்காகவும் அக்கா பெட்சி நன்றி சொன்னதும், அந்தப் பூச்சிக்குப் பயந்தே காவலர்கள் உள்ளே வராததால் வேதவாசிப்பு தடையின்றி நடந்ததும் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டவை. கடைசி அத்தியாயம் அதைவிட வலியது. போர் முடிந்தபின் ம்யூனிக்கில் முன்னாள் காவலன் ஒருவன் கை நீட்டுகிறான். கோரிக்குக் கை எழவில்லை. மன்னிக்கும் பலத்தையும் அங்கேயே ஜெபித்துத்தான் பெறுகிறார். ஒருவரை மன்னிக்க முடியாமல் திணறுகிறவர்களுக்கு இந்த அத்தியாயத்தை மட்டும் தனியாகக் கொடுத்தாலும் பயன் உண்டு. முகாம் விவரங்கள் கடுமையானவை. சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கும்முன் பெரியவர்கள் ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது.