பாளையங்கோட்டையில் ஒரு தரவுப் பகுப்பாய்வுப் பயிற்சி: என் மதிப்பீடு

பி.காம். முடித்து, வணிகத் தகவல் பகுப்பாய்வாளராக முதல் வேலை தேடிய நான், சென்னைக்குப் போகாமல் பாளையங்கோட்டையிலேயே மூன்று மாதப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டுப் பெற உதவும் மொழியான எஸ்.க்யூ.எல். பாடம் மிகச் சிறப்பு. டவுனில் ஒரு அல்வாக் கடை இருப்பதாகக் கற்பனை செய்து, அதன் வாடிக்கையாளர் பட்டியலையும் பில் பட்டியலையும் இணைக்கும்போது, ஒருமுறைகூட வாங்காதவரின் பெயரும் விடுபடாமல் வர 'லெஃப்ட் ஜாயின்' ஏன் வேண்டும் என்று ஆசிரியர் பொறுமையாக விளக்கினார். எக்செல் தாள் ஒன்றில் 10,48,576 வரிசைகளே அடங்கும் என்பதால் தரவுத்தளம் எப்போது தேவைப்படும் என்பதும் தெளிவானது. தரவை வரைபடங்களாகக் காட்டும் மென்பொருளான பவர் பி.ஐ. வகுப்புகள் போதுமானவை.

ஆனால், நிறுவனத்தின் வெவ்வேறு துறையினரிடம் கேள்வி கேட்டு, அவர்களுடைய உண்மையான தேவையை அறிந்து ஆவணப்படுத்தும் பயிற்சிக்கு, பாடம் நடத்தியவர்கள் ஒரே ஒரு வகுப்பைத்தான் ஒதுக்கினார்கள். இந்தப் பணியின் உயிர்நாடியே அதுதான் என்பதால் எனக்கு மிகுந்த வருத்தம். முன் அனுபவம் கேட்காத இ.சி.பி.ஏ. என்ற, வணிகப் பகுப்பாய்வுக்கான தொடக்கநிலைச் சான்றிதழைப் பற்றியும் எவரும் சொல்லவில்லை. கருவிகளைக் கற்க மட்டும் விரும்புவோர் தயங்காமல் சேரலாம்.