டிஸ்னியில் பின் டிரேடிங்: ஆட்டிசம் உள்ள மகனோடு சில வருட அனுபவம்

"டிசம்பரில் ஆர்லாண்டோ போறோம் அக்கா, பையனுக்குப் பின் டிரேடிங் ஆரம்பிச்சு விடலாமா?" என்று நியூ ஜெர்சியில் இருக்கும் தோழி கேட்டிருந்தாள். பின் என்றால் குத்திக்கொள்ளும் சின்ன உலோகப் படச் சின்னம். நம்மிடம் இருப்பதைக் கொடுத்து டிஸ்னி ஊழியரிடம் இருப்பதை மாற்றி வாங்குவதுதான் பின் டிரேடிங். அவள் பையனும் என் பையனைப் போலவே ஆட்டிசம் உள்ளவன், ஏறக்குறைய அதே வயது. வாட்ஸாப்பில் பதில் தட்ட ஆரம்பித்தேன், அது முடிகிற வழியாகத் தெரியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். எந்த லேன்யார்டு (பின்களைக் குத்திக் கழுத்தில் மாட்டும் பட்டை) வாங்கலாம், எந்த ஆல்பம் நல்லது என்பதெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. அதற்குள் நான் போகவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். போகப் போகக் கொஞ்சம் சூடாகத்தான் பேசப்போகிறேன்.

ஆர்லாண்டோவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் இந்தப் பழக்கம் 1999 அக்டோபரில், புத்தாயிரம் ஆண்டுக் கொண்டாட்டத்தோடு தொடங்கியது. இத்தனை வருடத்தில் அதற்கென்று ஒரு சட்டதிட்டம் உருவாகியிருக்கிறது. பின் உலோகத்தில் இருக்க வேண்டும், பின்புறம் டிஸ்னியின் காப்புரிமைக் குறி இருக்க வேண்டும். ஒரு ஊழியரிடம் ஒரு நாளைக்கு இரண்டு பின்தான் மாற்றலாம், அதுவும் ஒன்றுக்கு ஒன்று. ஆள் பெயர் எழுதிய பின் செல்லாது. அவரிடம் ஏற்கெனவே இருக்கிற அதே பின்னைக் கொடுக்கக் கூடாது. காசு பேசக் கூடாது. பின்னால் ரப்பர் மூடியை மாட்டித்தான் கையில் கொடுக்க வேண்டும். அவருடைய லேன்யார்டை நாம் தொடக் கூடாது, எது வேண்டும் என்று சொன்னால் அவரே கழற்றித் தருவார். இத்தனையும் சரியாக இருந்தால் ஊழியர் முடியாது என்று சொல்ல மாட்டார்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் நாங்கள் இதில் இறங்கினோம்.

என் பையனுக்குப் பேச்சு வராமல் இல்லை. மோனோரயிலைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவான். தெரியாத ஆளிடம் போய்ப் பேச்சைத் தொடங்குவதுதான் அவனால் ஆகாது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சர், "ஹலோ சொல்லு, நானும் விளையாட வரலாமான்னு கேளு" என்று அட்டை எழுதிப் பழக்கினார். பக்கத்துப் பார்க்கில் போய் அதை அட்சரம் பிசகாமல் சொன்னான். எதிரில் இருந்த குழந்தை பதிலே சொல்லாமல் ஊஞ்சலை விட்டு இறங்கி ஓடிவிட்டது. அதற்கு அட்டையில் அடுத்த வரி இல்லை. அப்படியே நின்றான்.

பின் மாற்றுவதில் இந்தத் தொல்லை கிடையாது. "உங்க பின்னைப் பார்க்கலாமா?" "இது வேணும்." "தேங்க்ஸ்." மூன்று வசனம். எதிரில் இருப்பவர் என்ன சொல்வார் என்பதும் ஏறக்குறையத் தெரியும். பேச்சு எப்போது முடிகிறது என்பதும் தெரியும்: கையில் புதுப் பின் வந்துவிட்டால் நடையைக் கட்டலாம்.

ஆரம்பத்தில் கவுன்டரில் பின்னை வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கி என் துப்பட்டாவைப் பிடித்துக்கொள்வான். வேண்டியதைக் காட்டத் தன் விரலை நீட்ட மாட்டான், என் கையைப் பிடித்து இழுத்து என் விரலால் காட்டுவான். இப்போது முழங்கையால் என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் போகிறான்.

ஊழியர்களின் பெயர் பேட்ஜில் அவர்களுடைய ஊர்ப் பெயரும் இருக்கும். அதை இவன் சத்தமாக வாசிப்பான். ஒரு தடவை டிஸ்னியின் எப்காட் பார்க்கில், ஜெர்மனி பகுதியில் இருக்கும் கடையில், ஒரு பெண்ணிடம் மோனோரயில் படம் போட்ட பின்னை மாற்றி வாங்கினான். (இவன் சேர்ப்பது மோனோரயில் பின் மட்டும்தான். மிக்கி, எல்சா எல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. அங்கே ஓடும் ரயில்களுக்கு நிறத்தை வைத்துத்தான் பெயர், கோரல், டீல், லைம் என்று. எதில் ஏறினோம் என்று நோட்டில் எழுதி வைப்பான்.) தேங்க்ஸ் சொல்லியாகிவிட்டது, வழக்கப்படி திரும்பி நடக்க வேண்டும். அந்தப் பெண் பின்னைப் பார்த்துவிட்டு, "எங்க நாட்டில் வுப்பர்டால்னு ஒரு ஊர் இருக்கு. அங்கே ரயில் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கிட்டே போகும், தெரியுமா?" என்றார். 1901 முதல் ஓடுகிறது, பெரும்பகுதி ஆற்றுக்கு மேலேயே போகும் என்றெல்லாம் சொன்னார். இவன் நின்றான். திரும்பினான். "கதவு எந்தப் பக்கம் திறக்கும்?" என்று கேட்டான். ஒரே பக்கம்தான் என்று அவர் கையால் காட்டினார். அப்புறம் இன்னும் இரண்டு கேள்வி. அவன் அப்பா போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனார், நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். இந்தப் பழக்கத்துக்கு நான் செலவழித்த காசெல்லாம் அன்றைக்கு வசூலாகிவிட்டது.

டி.ஏ.எஸ். (வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு டிஸ்னி தரும் சலுகை, Disability Access Service) பற்றியும் கேட்பார்கள் என்று தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். 2024-இல் அதன் விதிகளை இறுக்கிவிட்டார்கள். ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாட்டால் நெடுநேரம் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு என்று வரையறுத்திருக்கிறார்கள். போவதற்கு முன்பே வீடியோ காலில் பேசிப் பதிவு செய்துகொள்ளலாம். கிடைத்தாலும் உடனே உள்ளே விட மாட்டார்கள், இத்தனை மணிக்கு வாருங்கள் என்று நேரம் குறித்துக் கொடுப்பார்கள். அந்த இடைப்பட்ட நேரத்தில் ஆர்லாண்டோ வெயிலில் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாங்கள் பின் போர்டை (மாற்றுவதற்கான பின்களைக் குத்தி வைத்திருக்கும் பலகை) தேடி ஏதாவது ஏசி கடைக்குள் நுழைந்துவிடுவோம். சில கடைகளில் போர்டு கவுன்டருக்கு அடியில் இருக்கும், கேட்டால்தான் எடுப்பார்கள். கேட்பது இவன் வேலை.

சரி, இனி ஸ்க்ராப்பர், அதாவது போலிப் பின்.

என் அண்ணன் டல்லாஸில் இருக்கிறான். மருமகன் மேல் கொள்ளைப் பாசம். பிறந்தநாளுக்கு ஆன்லைனில் யாரோ ஒரு விற்பனையாளரிடம் "நூறு பின், எல்லாம் வேறு வேறு, டிரேடிங்குக்கு ஏற்றது" என்று போட்டிருந்த ஒரு மொத்தப் பையை வாங்கி அனுப்பினான். பார்க்கில் சாதாரணப் பின் ஒன்று பத்து டாலரைத் தாண்டும், கொஞ்சம் நல்லதாகப் பார்த்தால் இருபதை நெருங்கும். இந்தப் பையில் ஒன்றின் விலை ஒரு டாலர்கூட வரவில்லை.

இவற்றுக்குத்தான் ஸ்க்ராப்பர் என்று பெயர். ஆர்டர் முடிந்த பிறகும் தொழிற்சாலையில் அதே அச்சில் கூடுதலாக அடிப்பது, தரம் தேறாமல் கழித்துப் போட்டதை அள்ளி விற்பது, அச்சையே நகலெடுப்பது என்று பல வழியில் வெளியே வருகின்றன. படம் அதேதான், பின்புறக் காப்புரிமைக் குறியும் இருக்கும். கவுன்டரில் நிற்கும் ஊழியர் அந்தக் குறியைத்தான் பார்ப்பார். பூதக்கண்ணாடி வைத்துச் சோதிப்பது அவர் வேலை இல்லை, அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆக, ஒரு டாலர் பின்னைக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு டாலர் பின்னை எடுத்துக்கொண்டு போய்விடலாம். நம் ஆட்களின் குழுக்களில்கூட இது 'டிஸ்னி டிப்ஸ்' என்று சுற்றுகிறது. எல்லோரும் கெட்டிக்காரத்தனமாக இதையே செய்தால் போர்டில் என்ன மிஞ்சும்? அதே குப்பைதான் மிஞ்சும். அடுத்து வரும் பிள்ளைக்கு அதுதான் கிடைக்கும்.

கண்டுபிடிப்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் என் மகன்தான். கையில் எடுத்தால் லேசாக இருக்கும். எனாமல் முழுக்க நிரம்பாமல் குழி விழுந்திருக்கும். ஒரு நிறம் கோட்டைத் தாண்டி அடுத்ததில் வழிந்திருக்கும், ஓரம் விரலைக் கீறும். பின்புறம் சின்னச் சின்ன மிக்கி தலைகள் அச்சாகியிருக்கும் அல்லவா, நல்ல பின்னில் அந்த வரிசை விளிம்பு வரை ஓடி அங்கே பாதியில் வெட்டுப்படும். போலியில் பல சமயம் விளிம்பைச் சுற்றி ஒரு வரம்பு கட்டி, அதற்குள்ளேயே நின்றுவிடும். இதில் எதுவும் முழு நிச்சயமான சோதனை இல்லை. ஆனால் மூன்று நான்கு அறிகுறி சேர்ந்து வந்தால் சந்தேகப்படத் தேவையில்லை.

மாமா அனுப்பிய பையைச் சாப்பாட்டு மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். இரண்டு பிஸ்கட் டப்பா எடுத்து 'நிஜம்', 'பொய்' என்று தமிழில் எழுதி ஒட்டினான். நிஜம் டப்பாவில் அடி மறையவில்லை. பொய் டப்பா மூடவில்லை. அதிலிருந்து ஒன்றைக்கூட மாற்றுவதற்கு எடுத்துப் போகக் கூடாது என்று அவனே சட்டம் போட்டுவிட்டான். எனக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அடுத்து அவன் செய்ததுதான் என் தலையில் விழுந்தது. ஒரு ஹோட்டல் கடையில் போர்டில் இருந்த பின்களைத் திருப்பிக் காட்டச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தான். அந்த ஊழியரும் பொறுமையாகக் காட்டினார். ஸ்டிட்ச் என்ற கார்ட்டூன் பாத்திரத்தின் பின் ஒன்று, ஒரு கண் வழிந்து கன்னத்தில் இறங்கியிருந்தது, குழந்தைக்கே தெரியும் போலி என்று. தன் லேன்யார்டிலிருந்து நாங்கள் கடையில் வாங்கிக் கொடுத்த நல்ல பின்னைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அந்த ஸ்டிட்ச்சை வாங்கிக்கொண்டான்.

"ஏன்டா?"

"இங்கேயே இருந்தா வேற யாராவது எடுத்து ஏமாந்துடுவாங்க."

வீட்டுக்கு வந்ததும் ஸ்டிட்ச் பொய் டப்பாவுக்குப் போனது. அன்றிலிருந்து இதுதான் நடக்கிறது. பன்னிரண்டு, பதினைந்து டாலர் கொடுத்து நான் வாங்குகிற பின் ஒவ்வொன்றையும் கொடுத்து அவன் ஊர்க் குப்பையை அள்ளிக்கொண்டு வருகிறான். ஒரு ஊழியரிடம் இரண்டு என்ற விதியை மட்டும் மீறுவதில்லை. இந்தப் போர்டெல்லாம் காலியே ஆகாது, நாம் எடுக்க எடுக்க யாராவது போட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று அவன் அப்பா ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து விளக்கினார். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒரு நாளைக்கு ரெண்டு ரெண்டா எடுத்தா மெதுவா முடிச்சுடலாம்" என்றான்.

தடுத்தும் பார்த்தாயிற்று. போலி என்று தெரிந்த பின்னைப் போர்டிலேயே விட்டுவிட்டு அவனால் நகர முடியாது. காதைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்று ஆட ஆரம்பித்துவிடுவான், அன்றைய நாள் அதோடு முடிந்தது. அந்த மொத்தப் பை விற்பவனும், டிப்ஸ் என்று அதைப் பரப்புகிற புத்திசாலிகளும் ஒரு நாள் எங்களோடு வந்து அந்தப் போர்டின் முன்னால் நிற்கட்டும். கணக்குப் பார்த்துக் காசு மிச்சம் பிடித்தது யார் செலவில் என்று தெரியும்.

மற்ற விஷயங்களை வேகமாகச் சொல்கிறேன். பின் சேர்ப்பதற்கென்றே பெரிய பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் பிள்ளையைத் தனியே அனுப்ப வேண்டாம். அவர்கள் ஊழியர்கள் இல்லை, முடியாது என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. நல்லவர்களும் இருக்கிறார்கள், ஆனால் எது லிமிடெட் எடிஷன், எது மலிவு என்று பிள்ளைக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டிய பின்னுக்கு ரப்பர் மூடி போதாது, சின்ன சாவி போட்டுத் திருகுகிற மூடி தனியாகக் கிடைக்கும், அது வாங்க வேண்டும். திருகுவது இவனுக்கு ரொம்பப் பிடித்த வேலை. ஹிடன் மிக்கி என்று தொடராக வரும் வகைப் பின்னின் பின்புறம் ஐந்தில் மூன்று என்பது மாதிரி எண் போட்டிருக்கும். எண்ணைப் பார்த்தால் விடாத பிள்ளையாக இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம், மீதி நான்கையும் தேடி நாம்தான் அலைய வேண்டும். டோக்கியோ டிஸ்னி போகிறவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை, அங்கே டிரேடிங் கிடையாது.

ஒத்திகை பார்க்க விரும்பினால் டிஸ்னியின் கடைவீதியான டிஸ்னி ஸ்பிரிங்ஸ் போதும். அதற்கு டிக்கெட் வேண்டாம், பார்க்கிங்கும் இலவசம், பின்னுக்கென்றே ஒரு கடை இருக்கிறது. காலையில் திறந்ததும் போனால் கூட்டம் இருக்காது. பிடிக்கவில்லை என்றால் நூறு டாலருக்கு மேல் டிக்கெட் எடுத்து வந்தோமே என்ற வயிற்றெரிச்சல் இல்லாமல் திரும்பிவிடலாம்.

ஆக, ஆரம்பிக்கலாமா என்றால், இன்றைக்கு என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். மேலே எழுதியதை எல்லாம் நானே திரும்பப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். போன வாரம் ஒரு போலி சின்ட்ரெல்லாவுக்காக அந்த ஜெர்மன் பெண் கொடுத்த மோனோரயில் பின்னையே கழற்றிக் கொடுத்துவிட்டான். லேன்யார்டில் அது ஒன்றுதான் மிச்சம் இருந்ததாம். அவனுக்கு வருத்தமே இல்லை, எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. ஒரு மாதம் கழித்துக் கேட்டால் வேறு பதில் சொன்னாலும் சொல்வேன்.

என் பேச்சைக் கேட்காமல் ஆரம்பித்தால், கடையிலேயே நாலு சாதாரணப் பின் வாங்கிக்கொள். கிறிஸ்துமஸ் வாரம் என்றால் பார்க்குக்கே போகாதே, அந்தக் கூட்டத்தில் பெரியவர்களுக்கே காது அடைக்கும். நூறு பின் பை மட்டும் வாங்கிவிடாதே. வேண்டுமானால் என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறதே என்று நினைக்கலாம். தர மாட்டேன், கொடுக்க அவன் விடவும் மாட்டான்.