வடிவமைப்பு விதிகள்: கேட் மென்பொருளுக்குள்ளா, வெளியிலா?

பல்கலைக்கழகமும் தொழில் நிறுவனமும் சேர்ந்து பொறியியல் தானியக்க ஆய்வில் இறங்கினால், வடிவமைப்பு விதிகளை, அதாவது ஓர் அளவு மாறினால் மற்றவை எப்படி மாற வேண்டும் என்று சொல்லும் நிரலை, எங்கே எழுதுவது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். சீமென்ஸின் என்எக்ஸ் மென்பொருளில் நாலெட்ஜ் ஃப்யூஷன் என்ற வசதி இருப்பதுபோல, கேட் (கணினிவழி வடிவமைப்பு) மென்பொருளுக்குள்ளேயே எழுதுவது ஒரு வழி. ஓப்பன் கேஸ்கேட் என்ற திறமூல வடிவியல் நிரல் நூலகத்தை வைத்துக்கொண்டு பைத்தான் நிரல்மொழியில் தனியாக எழுதுவது இன்னொன்று.

வடிவியல் வலிமையில் முதல் வழிக்கு ஈடில்லை. மூன்று விளிம்புகள் கூடும் மூலையை மழுக்கச் சொன்னால், என்எக்ஸின் அடித்தளமான பாராசாலிட் என்ற வடிவியல் நிரல் பெரும்பாலும் செய்து முடித்துவிடும். ஓப்பன் கேஸ்கேட் அதே இடத்தில் பல நேரம் கைவிரித்துவிடும். நிறுவனப் பொறியாளருக்கும் என்எக்ஸ் பழகிய திரை.

சிக்கல் பிறகுதான் வரும். சில மென்பொருள்களில், கல்வி உரிமத்தில் உருவாக்கிய கோப்பை நிறுவனத்தின் வணிக உரிமத்தில் திறக்கவே முடியாது. அதைவிடப் பெரிய ஆபத்து, மென்பொருளே மறைந்துபோவது. விமான இறக்கை வடிவமைப்பில் கோலோச்சிய ஐகேட் அப்படித்தான் போனது. அதை வைத்திருந்த கேடிஐ நிறுவனத்தை 2002-இல் டசோ சிஸ்டம்ஸ் வாங்கியது, ஐகேட் கைவிடப்பட்டது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விமான வடிவங்களை உருவாக்கும் நிரலை அதில்தான் எழுதியிருந்தார்கள். ஐகேட் லிஸ்ப் என்ற நிரல்மொழி சார்ந்தது என்பதால், அதே குடும்பத்து ஜிடிஎல் என்ற மென்பொருளுக்கு மாற வழி இருந்தது. எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

எந்த கேட் மென்பொருளுக்கும் பொதுவான ஸ்டெப் கோப்பாக மாற்றி வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்கள், அதை நோட்பேடில் திறந்து பார்க்கட்டும். ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு பரப்பும் எண்ணிட்ட ஒரு வரியாக இருக்கும். துளையின் ஆரம் 6 மில்லிமீட்டர் என்பது தெரியும். தகட்டின் தடிமன் மாறினால் துளையும் மாற வேண்டும் என்ற விதியைக் காண முடியாது. ஆய்வாளர் மூன்றாண்டு உழைத்துக் கண்டது அந்த விதியைத்தான். முனைவர் பட்டம் பெற்று அவர் வெளியேறியதும், அடுத்து வருபவர் வெறும் உருவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

ஆகவே என் தேர்வு இரண்டாவது வழி. விதிகள் பைத்தானில், எவரும் படிக்கும்படி இருக்கட்டும். மழுக்கல் போன்ற கடைசி மெருகை மட்டும் என்எக்ஸ் செய்யட்டும். பதிப்பு மேலாண்மைக்கு நிறுவனத்தில் உள்ள டீம்சென்டர் என்ற வடிவமைப்புத் தரவு மேலாண்மை மென்பொருளே போதும். அதற்காகப் பல்கலைக்கழகம் தனியாக அதேபோன்ற ஒரு பிஎல்எம் (பொருளின் வாழ்நாள் தரவு மேலாண்மை) அமைப்பை நிறுவுவது வீண் செலவு. ஒரே பருவத்தில் முடியும் மாணவர் திட்டம் என்றால் முதல் வழியே போதும். பல ஆண்டுக் கூட்டாய்வு என்றால், விதி நிரல் யாருக்குச் சொந்தம், ஆய்வு முடிந்தபின் யார் பராமரிப்பது என்ற இரண்டையும் புரிந்துணர்வு ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.