மூன்றாம் நாள் ஊசியை நிறுத்தினார்கள்: அம்மாவைச் சேர்த்த மருத்துவமனை பற்றி

அம்மாவுக்கு வயது 68. இருபது வருடச் சர்க்கரை. போன மாதம் சிறுநீர்க் கடுப்பில் ஆரம்பித்து, குளிர்காய்ச்சலும் இடுப்புவலியுமாகப் படுத்துவிட்டார். முதலில் பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில் மூன்று நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்து அது எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்பவே இல்லை. காய்ச்சலும் இறங்கவில்லை. நாலாம் நாள் இரவு திருச்சியில் வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பெயரைப் போட்டால் விளம்பரம் போலாகிவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். அங்கே ஆன்டிபயாடிக்கைக் கையாண்ட விதத்தை மட்டும் சொல்ல வேண்டும்.

கேஷுவால்டியில் அம்மாவுக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது. நர்ஸோ இரண்டு கையிலும் ரத்தம் எடுத்துக் கல்ச்சர் பாட்டில்களில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். "முதல்ல ஊசியப் போடுங்கம்மா" என்று பதறினேன். "ஊசி போட்டப்புறம் எடுத்தா கிருமி வளராமப் போயிடும்க்கா, அஞ்சே நிமிஷம்" என்றார். சிறுநீரும் பிடித்து முடித்த கையோடு மெரோபெனெம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக் ஊசியை ஏற்றிவிட்டார்கள்.

ஃபைலில் ஒரு மஞ்சள் தாள். ஆன்டிபயாடிக் நாள் 1, நாள் 2 என்று கட்டம் போட்டு, எதற்காகக் கொடுக்கிறோம், எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. தினமும் காலையில் டாக்டரோடு மருந்தாளுநரும் வந்து அந்தத் தாளைத்தான் முதலில் புரட்டுவார்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா, அதிலும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளைச் சிதைத்துவிடும் இ.எஸ்.பி.எல். வகை. மருந்துப் பெயர்களுக்கு எதிரே 'எஸ்' (கிருமி கேட்கும்), 'ஆர்' (கேட்காது) என்று நீளமான பட்டியல். டாக்டர் பேனாவால் தொட்டுக் காட்டினார்: செஃப்ட்ரியாக்சோனுக்கு நேரே 'ஆர்'. மூன்று நாள் போட்ட ஊசி அந்தக் கிருமியை ஒன்றும் செய்திருக்காது. கொஞ்சம் கீழே கோட்ரைமாக்சசோலுக்கு 'எஸ்'. பல காலமாகப் புழக்கத்தில் இருக்கும் மாத்திரை. மெரோபெனெம் ஒரு குப்பியின் விலைக்குள் முழு கோர்ஸும் வந்துவிடும். காய்ச்சல் விட்டிருந்தது, அம்மா இட்லி சாப்பிட ஆரம்பித்திருந்தார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும், இந்த மாத்திரையால் ஏறக்கூடிய பொட்டாசியத்தையும் ரத்தத்தில் பார்த்துவிட்டு, அன்றே ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார்கள். தனியார் மருத்துவமனையில் விலை குறைந்த மருந்துக்கு மாற்றுவதை நான் அன்றுதான் பார்த்தேன். மனதாரக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

நர்ஸ்கள் மேசைக்குப் பின்னால் உலக சுகாதார நிறுவனத்தின் மூன்று நிற ஆன்டிபயாடிக் பட்டியல் ஒட்டியிருக்கிறது. பச்சை எளிதாகக் கொடுக்கக்கூடியது, மஞ்சள் கவனித்துக் கொடுக்க வேண்டியது, சிவப்பு எதற்கும் கேட்காத கிருமிக்கென்று பொத்திவைக்க வேண்டியது. செஃப்ட்ரியாக்சோன், மெரோபெனெம் இரண்டுமே மஞ்சள். அம்மா வீட்டுக்கு வந்தது பச்சையோடு, அந்தக் கோட்ரைமாக்சசோல் மாத்திரையோடு.

இன்னொன்று, சிறுநீர் டியூப். அது உள்ளே இருக்க இருக்கப் புதுத் தொற்றுக்கு வழி. "இன்னிக்கும் இது வேணுமா டாக்டர்?" என்று நர்ஸ் காலையிலேயே கேட்டார். இரண்டாம் நாளே எடுத்தாயிற்று.

மருந்தகத்திலும் ஒழுங்கு. 2014 மார்ச்சிலிருந்து, பல ஆன்டிபயாடிக்குகள் அடங்கிய, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத எச்1 அட்டவணை மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். இங்கே என் கண் முன்னால் எழுதினார்கள். எங்கள் தெரு மெடிக்கலில் சளி என்று சொன்னாலே ஸ்ட்ரிப்பைக் கத்தரித்துக் கொடுத்துவிடுவார்கள்.

குறை இல்லாமல் இல்லை. ரிப்போர்ட் காலையிலேயே வந்தும் எங்களுக்குச் சொன்னது மாலையில், அதுவும் நான் போய்க் கேட்ட பிறகு. டிஸ்சார்ஜ் தாள் முழுக்க ஆங்கிலம், மாத்திரை எத்தனை நாள் என்பதை அம்மாவால் படிக்க முடியவில்லை. நான்தான் அட்டையில் தமிழில் எழுதி ஒட்டினேன். பில் கவுன்ட்டரில் இரண்டு மணி நேரம் நின்றது தனி.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டை லேமினேட் செய்து அம்மாவின் சர்க்கரை ஃபைலில் முதல் பக்கமாக வைத்திருக்கிறேன். இனி எந்த டாக்டரிடம் போனாலும் அதைத்தான் முதலில் நீட்டுவோம்.