9900 என்று அச்சடித்த 18650 செல்: வாங்கி ஏமாறாதீர்கள்

இணையக் கடை ஒன்றிலிருந்து வந்த நான்கு 18650 செல்கள், அதாவது 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள, திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய லித்தியம் செல்கள். உறையில் கொட்டை எழுத்தில் '9900 மில்லி ஆம்பியர் மணி' என்று கொள்ளளவு, கீழே 'பாதுகாப்பு சர்க்யூட் உண்டு'. தராசில் வைத்தால் ஒன்று 28 கிராம். இந்த அளவில் நல்ல செல் 45 முதல் 50 கிராம் வரும். 4.2 வோல்ட் வரை சார்ஜ் ஏற்றி, 0.5 ஆம்பியரில் 3 வோல்ட் வரை இறக்கியபோது ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துபோனது. மீட்டரில் 740 மில்லி ஆம்பியர் மணிதான். உண்மையான 9900 என்றால் கிட்டத்தட்ட இருபது மணி நேரம் ஓடியிருக்க வேண்டும். கடைக்காரரைக் கேட்டால், "அது மாடல் நம்பர் சார்" என்கிறார். மாடல் நம்பருக்குப் பின்னால் மில்லி ஆம்பியர் மணி எதற்கு?

தாராளமாகக் கிடைக்கும் நல்ல 18650 செல்கள் 3500-ஐ ஒட்டியே நிற்கின்றன. உறையில் 5000, 6800, 9900 என்று பார்த்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

பாதுகாப்பு சர்க்யூட் (சார்ஜ் அளவுக்கு மீறி ஏறினாலோ இறங்கினாலோ இணைப்பைத் துண்டிக்கும் போர்டு) என்பதும் பொய்தான். ஸ்கேலை வைத்து அளந்தாலே தெரியும். செல் மட்டும் 65 மி.மீ.; அடியில் வட்டமாக ஒரு சின்ன போர்டு ஒட்டியிருந்தால் 68 முதல் 70 மி.மீ. வரும். வந்தவை சரியாக 65.

இதில் பணத்தைவிடப் பெரிய ஆபத்து சார்ஜ் ஏற்றுவதில் இருக்கிறது. பலரும் வாங்கும் டிபி4056 சார்ஜர் போர்டு 1 ஆம்பியர் தள்ளும்படிதான் வருகிறது. 3000 கொள்ளளவுக்கு அது மிதமான வேகம். 740-க்கு அதிகம், செல் சூடேறும். மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கழற்றி 2.4 கிலோ ஓம் போட்டால் பாதியாகும். 'அவுட்' என்று குறித்த இரண்டு முனைகள் இல்லாத போர்டு என்றால், செல் அடிமட்டம்வரை இறங்குவதைத் தடுக்க அதில் எதுவும் கிடையாது. வெவ்வேறு வோல்ட்டில் இருக்கும் செல்களைப் பக்க இணைப்பில் (பேரலலாக, பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) கோக்கவும் கூடாது. அரை வோல்ட் வித்தியாசத்துக்கே ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பல ஆம்பியர் பாயும்.

புது உறை போட்ட பழைய லேப்டாப் செல்களும் இதே விலையில் வருகின்றன. எடை சரியாக இருக்கும், அதனால் தராசு காட்டிக்கொடுக்காது. இரு முனைகளிலும் ஸ்பாட் வெல்டிங் தழும்பை, அதாவது பழைய பேட்டரியில் இணைப்புத் தகடு பற்றவைத்திருந்த புள்ளிகளைத் தேடுங்கள். முழுக்க ஏற்றி இரண்டு வாரம் சும்மா வையுங்கள், 4.1 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் வேண்டாம்.

ஆனால் பணம் திரும்பக் கேட்கும் கெடு பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். அதனால் பெட்டி வந்த அன்றே எடையும் நீளமும் பாருங்கள், தராசோடு சேர்த்துப் படமெடுங்கள். உறையை மட்டும் உரிக்காதீர்கள். உரித்தால் திரும்ப எடுக்கமாட்டார்கள்.

கழிக்க வேண்டிய செல்லை உப்புத் தண்ணீரில் போடுவது வீண் வேலை. முனை அரித்து, உள்ளே சார்ஜ் அப்படியே நிற்கும். 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை மாட்டி, உலோகத் தட்டில் வைத்து வடியவிடுங்கள். முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். வடிந்ததை மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டாம்: பூஜ்யத்தை நெருங்கும்போது உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையும், ஏற்றும்போது அந்தச் செம்பே உள்ளுக்குள் ஷார்ட் ஆக்கிவிடும்.