பள்ளி தேட யுடைஸ் பிளஸ் தளம்: 5க்கு 3

மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் பள்ளி தேடும்போது யுடைஸ் பிளஸ் (UDISE+) தளத்தில் ஒவ்வொரு பள்ளியின் விவரமும் தரும் அறிக்கை அட்டைகளைப் பார்த்தேன். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் சேவை, காசு கிடையாது. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு, தமிழ்நாடு என்றால் 33 என்று தொடங்கும். அது தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் மாநிலம், மாவட்டம், ஒன்றியம் என்று இறங்க வேண்டும், அங்கேதான் நம்மூர்க்காரர்கள் முழிப்பார்கள். குமரி மாவட்டத்தில் விளவங்கோடு தாலுகா என்று பழகியவருக்குத் தன் ஊரின் ஒன்றியம் மேல்புறமா, முன்சிறையா, கிள்ளியூரா என்று சட்டென்று வராது.

நான் முதலில் பார்த்தது ஆசிரியர் எண்ணிக்கை. கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை 30 பிள்ளைக்கு ஒருவர், ஆறு முதல் எட்டு வரை 35க்கு ஒருவர். மாணவர் எண்ணிக்கையும் அதே அட்டையில் இருப்பதால் வகுத்துப் பார்த்துவிடலாம். இந்தத் தளத்தில் உருப்படியான விஷயம் இதுதான், வெளியே தொங்கும் நூறு சதவீதத் தேர்ச்சி பேனரைவிட எவ்வளவோ மேல்.

கழிப்பறைக் கணக்கை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். ஒரு பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கானவை எல்லாமே பயன்பாட்டில் என்று அட்டை சொன்னது. நேரில் போனால் ஒன்றுக்குப் பூட்டு, இன்னொன்றுக்குள் கால் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். விவரத்தை நிரப்புவது பள்ளியேதான், அதுவும் செப்டம்பர் 30 நிலவரப்படி. வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கிற மாவட்டத்தில், "நல்ல நிலையில் உள்ள வகுப்பறை" என்று அன்று எழுதியது ஐப்பசி மழை வரைக்கும் தாங்குமா என்பது வேறு கதை.

சரி, பிள்ளை பயமில்லாமல் கை தூக்கிக் கேள்வி கேட்குமா, டீச்சர் அடிப்பாரா, பெரிய பிள்ளைகள் சின்னதுகளைப் படுத்துவார்களா? இதற்கெல்லாம் அட்டையில் ஒரு கட்டம்கூட இல்லை. மாவட்டங்களுக்குத் தனியாக ஒரு செயல்திறன் தரக் குறியீடு போடுகிறார்கள், மொத்தம் 600 புள்ளி. அதில் கற்றலும் அடங்கிய விளைவுகள் பிரிவுக்கு 290, பள்ளிப் பாதுகாப்புக்கும் குழந்தைப் பாதுகாப்புக்கும் சேர்த்து வெறும் 35. அந்தக் கற்றல் அளவீடும் மாதிரிக்கு எடுத்த பள்ளிகளில் நடப்பது. 2024 டிசம்பர் 4 அன்று நடந்த பரக் (PARAKH) என்ற தேசியக் கற்றல் கணக்கெடுப்பு 3, 6, 9ஆம் வகுப்புகளுக்கு மட்டும். மாவட்டம் எப்படி என்று அதில் தெரியும், நம் தெருமுனைப் பள்ளி எப்படி என்று தெரியாது.

அதனால் தளத்தில் பார்த்து இரண்டு மூன்று பள்ளிகளாகக் குறைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நேரில் போங்கள். அட்டையை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தால் இன்னும் நல்லது, எச்.எம். பதில் சொல்கிற தொனியே வேறாக இருக்கிறது.